ஜன்னல் வழியே வரும் வயர்

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் வீட்டைத் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு வயர் வெளியே வந்திருக்கும். சுவரோரமாகத் தொங்கி, வாசலைக் கடந்து, வண்டியில் போய் முடியும். எட்டவில்லை என்றால் நடுவில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கும். தூறல் போட்டால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை ஏறும். நாட்டின் போக்குவரத்தையே மாற்றப்போவதாகச் சொல்லப்படும் வாகனப் புரட்சி, கடைசி மூன்று மீட்டரில் இந்த வயரை நம்பித்தான் நிற்கிறது. மற்ற ஊர்களில் இது அலட்சியம் என்ற அளவோடு போகலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்திலுள்ள மண்டபத்தூரைப் போல, கடலின் உப்பு வீட்டுச் சுவர்வரை வந்து படியும் ஊரில் அது உயிராபத்து. ஆகவே, வாசலில் வைக்கும் சார்ஜிங் பாயிண்ட்டை, அதாவது சார்ஜிங் முனையை, மீட்டர் பெட்டியைப் போல மின் இணைப்பின் ஓர் அங்கமாகவே கருத வேண்டும். அதன் தரத்தை மின்துறை வகுக்க வேண்டும். பொருத்தியபின் மின்துறையே சோதித்துச் சான்று தர வேண்டும். கடைக்காரரின் யோசனைக்கும் வீட்டுக்காரரின் சமாளிப்புக்கும் அதை விட்டுவைக்கக் கூடாது.

சார்ஜிங் என்ற பேச்சு எழுந்தாலே, அரசின் கண் நெடுஞ்சாலைக்குத்தான் போகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. நெடுந்தூரம் போகிறவருக்கு அது தேவைதான். ஆனால் அன்றாடம் ஓடும் வண்டி சார்ஜ் ஏறுவது பெரும்பாலும் வீட்டில். இந்தியாவில் விற்கும் மின்வாகனங்களில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனங்கள். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வீடு திரும்பும் ஸ்கூட்டரை யாரும் பொது நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காத்திருப்பதில்லை. இதை அரசும் அறியும். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் ஏற்றலாம், அதற்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வண்டி சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையைத் தந்தன. கிராமப்புறங்களில் புதிய இணைப்புக்கான கெடுவை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்தன. அனுமதி இருக்கிறது, உரிமை இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. வாசல் சுவரில் மாட்டப்போவது எப்படி இருக்க வேண்டும், அதை யார் பார்த்து ஒப்புக்கொள்வது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்தி சார்ஜ் போட்டால் என்ன என்ற கேள்விக்கு 2022 மார்ச்சில் வேலூர் பதில் சொன்னது. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, மின்கலப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்குள் இருக்கும் ஆபத்தை அரசு அப்படிக் கையிலெடுத்துக்கொண்டது. சுவரில் இருக்கும் ஆபத்து எடுப்பாரின்றிக் கிடக்கிறது. லித்தியம் மின்கலம் எரிந்தால் முதலில் கொல்வது அதன் புகை. வெளியேறும் வழியிலேயே வண்டி எரிந்தால் உள்ளே இருப்பவருக்குத் தப்ப வழியில்லை. கூடமும் வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் சிறிய வீடுகளில், ரேழியில் நிறுத்தி சார்ஜ் போடுவது அந்த ஒரே வழியை அடைப்பதாகும். எனவே வண்டி வெளியில்தான் நிற்க வேண்டும்; மின்சாரமும் வெளியே வந்தாக வேண்டும். வெளியே வரும் மின்சாரம் மழையையும் மண்ணையும் உப்பையும் சந்திக்கிறது. வெளிச்சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் ஆயிற்று என்று கிளம்புகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

உப்பை எடுத்துக்கொள்வோம். சார்ஜர் பெட்டிகளின்மேல் ஐ.பி. 54, ஐ.பி. 65 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று சொல்பவை. 65 என்றால் தூசி புகாது, குழாயால் பீய்ச்சினாலும் நீர் புகாது. வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறார். ஆனால் அந்த எண் உப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்தச் சோதனை துருவுக்கானது அல்ல. ஐ.பி. 65 பெட்டியைச் சுவரில் பிடித்திருக்கும் நான்கு திருகுகள் சாதாரண இரும்பாக இருந்தால், கடலோரத்தில் சில பருவங்களில் அவை துருவேறி உடையும். மூடியின் கீல் இறுகி, மூடி பாதி திறந்தபடியே நின்றுவிடும். அதற்குப்பின் பெட்டியின் எண் என்னவாக இருந்தால் என்ன? எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதிலும் 304, 316 என்று தரம் உண்டு. மாலிப்டினம் கலந்த 316தான் உப்புக்கு நின்று பிடிக்கும். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் அலசி வைக்கும் மீனவருக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெருநகரத்து அடுக்ககத்தின் மூடிய வாகன நிறுத்தத்தை மனத்தில் வைத்து எழுதப்படும் சார்ஜர் விளம்பரங்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

பெட்டிக்கு வெளியே துரு தெரிகிறது. உள்ளே நடப்பது தெரிவதில்லை, அதுதான் மோசம். பிளக்கின் பித்தளை முனையில் உப்பீரம் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும்போது, முனையும் சாக்கெட்டும் முழுதாகத் தொடாமல் இடையில் மின்தடை கூடுகிறது. அந்தத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மின்சார காருடன் வரும் சாதாரண சார்ஜர் ஏறத்தாழ 3.3 கிலோவாட், அது இழுப்பது 15 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால், அந்த ஒரு முனையில் மட்டும் 22 வாட் வெப்பம். ரேடியோ, டி.வி. பழுதுபார்ப்பவரின் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது, பழுக்கக் காய்ச்சிய ஒரு சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி இரவெல்லாம் விட்டுவைப்பதற்கு இது கிட்டத்தட்டச் சமம். வீட்டில் 15 ஆம்பியர் சாக்கெட்டில் வேறு கருவிகளும் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். தண்ணீர் மோட்டார் அரைமணி ஓடும், கீசர் கால்மணி, இஸ்திரிப்பெட்டி சூடேறியதும் தானே நின்று நின்று ஓடும். 24 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட சிறிய கார் முழுதாக ஏற ஏழெட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். ஸ்கூட்டர் சார்ஜர் மூன்று, நான்கு ஆம்பியரோடு நின்றுவிடுவதால் அதன் வெப்பம் குறைவு. ஆனால் அது செருகப்படுவதோ பெரும்பாலும் தளர்ந்துபோன பழைய 5 ஆம்பியர் சாக்கெட்டில், அல்லது விலை மலிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: மெயினிலிருந்து நேரே வரும் தனி வயர், சுமை மிஞ்சினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச், உப்பைத் தாங்கும் முனை.

அடுத்தது ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காவிரியின் கிளையாறுகள் எல்லாம் கடலைத் தேடி வரும் கடைமடை காரைக்கால். தெருவில் நீர் நிற்கும். மனிதர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் வண்டியின் உலோகத்தில் மின்கசிவு இருந்தால் பழைய ஃப்யூஸ் கட்டை காப்பாற்றாது. 5 ஆம்பியர் ஃப்யூஸ் உருக 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனிதரைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்த கணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மின்வாகன சார்ஜர் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுவதால், அதன் கசிவு சீரான அலையாக இல்லாமல் துடிப்புகளாகவும் வரலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஏ.சி.’ வகைக் கருவி அந்தக் கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். வேண்டியது ‘ஏ’ வகை. கருவியின் முகப்பில் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏ.சி. வகை, அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலைகளும் இருந்தால் ஏ வகை. சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கின்றன. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் தனிச் சுற்று வேண்டும். கசிவுத் தடுப்பு 30 மில்லி ஆம்பியருக்கு மிகாமல், ஏ வகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. நெடுஞ்சாலை நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆள் கவனிக்கும் சார்ஜருக்கு இத்தனை நிபந்தனை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டு வாசலுக்கு அதில் பாதியைக்கூட யாரும் வந்து பார்ப்பதில்லை.

எர்த் விஷயம் இதைவிடச் சிக்கல். வீட்டுக்கு உள்ளே இருப்பவர் உலர்ந்த தரையில் நிற்கிறார். வெளியே வண்டியைத் தொடுகிறவர் நேரே பூமியில் நிற்கிறார். இந்த வேறுபாட்டைப் பிரிட்டன் வெகு தீவிரமாக எடுத்துக்கொண்டது. அங்கே வீடுகளில் பரவலாக உள்ள எர்த் முறையில், தெருக் கம்பியின் நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடலில் மின்சாரம் ஏறிவிடும் என்பதால், தனிப் பாதுகாப்பு இல்லாமல் வெளிப்புற சார்ஜருக்கு அந்த எர்த்தைப் பயன்படுத்த அவர்களின் வயரிங் விதி இடம் தருவதில்லை. நம் வீடுகளில் தனி எர்த் குழி போடுவது வழக்கம் என்பதால் அந்தச் சிக்கல் அதே வடிவில் இல்லை. ஆனால் கடற்கரை மணலில் வேறொன்று உண்டு: கோடையில் மணல் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும், உப்பு நிலத்தடி நீர் தொட்டால் இரும்புக் குழாய் அரித்துப்போகும். வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பது, மீட்டர் வைத்து அளந்தால் தவிர, யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லா விளக்கும் எரியும், மின்விசிறி சுற்றும், எர்த் மட்டும் செத்திருக்கும். ஷாக் அடிக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

புயலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கடந்தபோது, டெல்டா முழுவதும் லட்சக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணமே வீட்டுக் கருவிகளுக்கு ஆபத்து. அவசர அவசரமாக இழுத்துக் கட்டிய கம்பியில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறிவிடும். டி.வி.யும் பிரிட்ஜும் வரிசையாகப் பழுதான தெருக்கள் இங்கே புதிதல்ல. அந்த வரிசையில் இனி, வீட்டின் மிக விலையுயர்ந்த மின்கருவியான வண்டியும் நிற்கும். மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி சார்ஜிங் முனையிலேயே இருந்தால்தான் இதற்குக் காப்பு.

இத்தனையையும் ஒரு குடும்பம் தானே படித்துத் தெரிந்து செய்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சமையல் எரிவாயு இணைப்பை நினைத்துப் பாருங்கள். அடுப்பு வாங்குபவர் குழாயையும் ரெகுலேட்டரையும் சந்தையில் கண்டதை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிடவில்லை. குழாய்க்குத் தரமுத்திரை உண்டு, ஆயுட்காலம் உண்டு, முகவரின் ஆள் வந்து சோதிக்கும் முறை உண்டு. அந்தச் சோதனை பல வீடுகளில் சம்பிரதாயமாகப் போனாலும், பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை. காரை விற்கும் நிறுவனங்கள் ஆளனுப்பி சார்ஜர் மாட்டித் தருவதுண்டு. ஸ்கூட்டர் வாங்குபவருக்கோ சார்ஜரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வசதியுள்ளவருக்குத் தரமான முனை, வசதி குறைந்தவருக்கு ஜன்னல் வழி வயர் என்று பாதுகாப்பு இப்படித்தான் பிரிகிறது.

மின்துறை செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. கடலோர வாசலுக்கென்று ஒரே ஒரு மாதிரியை வகுக்கட்டும்: உப்பைத் தாங்கும் பெட்டியும் திருகும், ஏ வகைக் கசிவுத் தடுப்பு, மிகை மின்னழுத்தத் தடுப்பு, அளந்து பார்த்த எர்த், தனி வயர், வெள்ளம் எட்டாத உயரம். அதைப் பொருத்த உரிமம் பெற்ற வயர்மேன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். பொருத்தியபின் எர்த்தின் அளவைப் பெட்டியின் உள்மூடியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன் அதை மீண்டும் அளக்க வேண்டும். செலவை மின்கட்டணத்தோடு மாதத் தவணையாகப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். இதைத் தொடங்கக் காரைக்காலைவிட வாகான இடம் அமையாது. சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தை ஒட்டிய மக்கள். மின் விநியோகம் புதுச்சேரி அரசின் ஒரே துறையின் கையில். எல்லையிலுள்ள நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு; வேறு மின்நிறுவனம், வேறு ஒழுங்குமுறை ஆணையம். துண்டு நிலமாக இருப்பதன் சிரமங்களையே எப்போதும் கேட்டுப் பழகிய ஊர் இது. சிறிய இடத்தில் ஒரு நல்ல வழக்கத்தை வேகமாகக் கொண்டுவர முடியும் என்ற அனுகூலத்தையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம்.

கார் வாங்கும் நாலு பேருக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும், அதுவும் தமிழ்நாட்டைவிடப் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் காரைக்காலில் மின்வண்டி எதற்கு என்று கேட்பார்கள். மலிவு என்றாலும் லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல்தான். ஒரு லிட்டரில் ஸ்கூட்டர் நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர் எடுப்பது ஏறக்குறைய இரண்டு யூனிட். வீட்டுக் கட்டணத்தின் உச்சப் படியில் வைத்துக் கணக்கிட்டாலும் இருபது ரூபாயைத் தாண்டாது. இந்த வித்தியாசத்தால் அதிகம் பயனடைபவர், தினமும் வண்டியில் பிழைப்புக்குப் போகிறவர்: ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவர், காரைக்காலுக்கோ நாகப்பட்டினத்துக்கோ வேலைக்குப் போய் வருபவர். எனவே வாசல் முனையால் பயன்பெறப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கார் வைத்திருப்பவர்களாக இருக்கமாட்டார்கள். குறைந்த விலையில் அதைச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கும் பதில் உண்டு. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஏற்ற, மூன்று கிலோவாட் வரையிலான மலிவு விலை சார்ஜிங் முனைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021இலேயே தரநிலை வகுத்தது. அப்போது குறிவைத்த தொடக்க விலை 3,500 ரூபாய்க்கும் கீழே. கடலோரத்துக்கான கூடுதல் காப்பைச் சேர்த்தால் விலை ஏறும். ஆனாலும் வண்டியின் விலையில் அது சிறு பங்குதான்.

மின்மாற்றி தாங்குமா என்பது மின்துறைப் பொறியாளர்களின் கவலை. அதில் நியாயம் உண்டு. கோடை மாலையில் குறைந்த மின்னழுத்தம் ஏற்கெனவே உள்ள தெருவில், இரவு ஏழு மணிக்கு எல்லா வண்டியும் செருகப்பட்டால் சிக்கல்தான். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் சார்ஜர் ஒன்று முக்கால் கிலோவாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. ஒன்றரை டன் ஏசி அதைப்போல் இரண்டு மடங்கு. பத்து ஸ்கூட்டர்கள் சேர்ந்தால்தான் ஏழு கிலோவாட் கார் சார்ஜர் ஒன்றுக்கு ஈடாகும். ஏசிக்கு இல்லாத ஒரு வசதியும் சார்ஜருக்கு உண்டு: எப்போது ஓட வேண்டும் என்பதை நாம் தள்ளிவைக்கலாம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள் நெருக்கடி நேரத்தைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டு வர வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும், சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைக்கும் விதி 2023 ஜூனில் கொண்டுவரப்பட்டது. ஸ்மார்ட் மீட்டரும் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையும் சேர்ந்தால்தான் அது வீடுகளுக்கு வந்துசேரும். விடியுமுன் கடலுக்குப் போய் காலையில் கரையேறும் ஊர்களுக்கு அந்தக் கட்டணம் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். ஏலம் முடிந்து ஆட்கள் ஓய்வெடுக்கும் நண்பகலில் வண்டிகளும் வாசலில் சும்மாதான் நிற்கும். அலுவலக ஊரில் வெயில் நேரத்தில் வீட்டில் வண்டி இருக்காது. மீனவ ஊரில் இருக்கும். மின்துறைக்கே தெரியாமல் ஜன்னல் வழி வயரில் ஏறும் சுமைக்கு எந்தப் பொறியாளராலும் திட்டமிட முடியாது. பதிவு செய்யப்பட்ட முனைகள் இருந்தால்தான் எந்தத் தெருவுக்கு எப்போது மின்மாற்றியை மாற்ற வேண்டும் என்பதே தெரியும். எனவே மின்மாற்றிக் கவலை வாசல் முனைக்கு எதிரான வாதமல்ல, அதற்கான வாதம்.

சொந்த வாசல் இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் என் யோசனையின் பலவீனமான இடம். வாடகைக்கு இருப்பவர், சந்துக்குள் வீடு உள்ளவர், வண்டியைத் தெருமுனையில் நிறுத்துபவர் ஆகியோருக்கு வாசல் முனை பயன்படாது. இவர்களுக்குப் பொது முனை வேண்டும். அதை நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய நிலையமாக வைப்பதைவிட, ஊருக்குள் நான்கைந்து வண்டி நிற்கும் கொட்டகையாக வைப்பது உதவும். அதே கடலோரத் தரம், தனி மீட்டர், மேலே சூரியத் தகடு. அதை நடத்துவது யார் என்ற கேள்வி புதுச்சேரியில் சற்று வேதனையானது. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்த பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் கையில்தான் இருந்துவந்திருக்கின்றன. ஆனால் கடலோர ஊர்களில் வலைக்கூடத்தையும் ஏலக்கூடத்தையும் ஒழுங்குபடுத்தும் ஊர்ப் பஞ்சாயத்து மரபு வலுவானது. மின்துறை தரத்தைச் சொல்லி இணைப்பைக் கொடுத்தால், கொட்டகையை ஊரே பார்த்துக்கொள்ளும்.

மின்துறையின் எதிர்காலமே கேள்விக்குறியாக இருக்கும்போது புதிய பொறுப்பு எதற்கு என்றும் சொல்லப்படலாம். யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்கு விடப்போவதாக மத்திய அரசு 2020இல் அறிவித்ததும், புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் 2022இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அனைவரும் அறிந்தவை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், வாசல் முனையின் தரத்தை யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வழங்கல் விதிகளில் எழுதிவிட்டால், கம்பி யாருக்குச் சொந்தமானாலும் பொறுப்பு மாறாது. சொல்லப்போனால், துறை அரசிடம் இருக்கும்போதே அதை எழுதிக்கொள்வது நல்லது. தனிமனிதர் வீட்டுக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கோ, 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டமே பதில். வீட்டு மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு வைப்பவருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் அரசு, அந்த வீட்டு வாசல் சுவர் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

மின்துறையும் ஆணையமும் முடிவெடுக்கும்வரை வண்டி வாங்குகிறவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு ஒரு சொல். வண்டியின் விலையைப் பேசும்போதே வயர்மேனின் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். மெயினிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்; ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் உள்ள அலைக்கோட்டைப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, டிரிப் ஆகிறதா என்று பாருங்கள். எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ‘எல்லாம் சரியா இருக்குங்க’ என்ற வாய்வார்த்தையை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது சுட்டால், அன்றே மாற்றுங்கள். வேலூரில் இரண்டு உயிர் போன பிறகுதான் மின்கலத்துக்கான விதி இறுகியது. வாசல் முனைக்கான விதியாவது ஓர் உயிர் போவதற்கு முன் வரட்டும்.